பப்பாளிப் பாலும் குழந்தைவேலுவின் வயிறும்

கட்டைவிரல் நகத்தால் பப்பாளிக்காயின் தோலில் ஒரு கோடு இழுக்கிறார் குழந்தைவேலு. வெள்ளைப் பால் பொட்டுப் பொட்டாகக் கிளம்பி, ஒன்றுசேர்ந்து, அவர் விரலை நனைக்கிறது. முகம் மலர்கிறது. அடுத்த காயை எடுத்து அதேபோல் கீறுகிறார். ஈரம் கசிகிறதே தவிரப் பாலைக் காணோம். "இது சும்மா காய்லா. கூட்டு வைக்கச் சொல்லு" என்று ஓரமாக உருட்டி விடுகிறார். இடம், சுங்கை பட்டாணியில் ஒரு திருமண மண்டபத்தின் பின்புறம். மாலையில் விருந்து. முன்னால் மணமேடைக்குப் பூ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரைப் பொறுத்தவரை கல்யாணம் நடப்பது அண்டாவுக்குள்தான்.

சிடாம் கிரி தோட்டங்களிலிருந்து தெற்கே செர்டாங் வரைக்கும் யார் வீட்டில் ஆட்டுக்கறி விருந்து என்றாலும் முதலில் இவருடைய கைப்பேசிதான் அலறும். முன்பு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, சனி ஞாயிறு மட்டும் சமையல். ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் கறிதான். தொழிற்சாலையில் கொடுத்த நீலத் தொப்பியை இன்னும் விடவில்லை. தொப்பியும் கட்டம் போட்ட கைலியும் இல்லாமல் அவரைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. சோறு, சாம்பார், பாயசம் எதிலும் அவர் கை வைப்பதில்லை. கோழியைக் கண்டால் ஓர் இளக்காரம். "கோழி தானா வெந்துடும், அதுக்கு எதுக்கு ஆளு? ஆட்டுக்குத்தான் மனுஷன் வேணும்" என்பார்.

கறியோடு பேசுகிற பழக்கமும் உண்டு. உள்ளூர்க் கிடா என்றால் குரல் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஐஸ் பெட்டியில் வந்த ஆஸ்திரேலியா ஆடு என்றால் அதட்டல்தான். "கப்பல்ல படுத்துக்கிட்டே வந்துட்டு, இங்க வந்து எங்கிட்ட வீம்பு பண்றியா நீ?" என்று ஒரு தொடையைத் தட்டுவார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி இராசாத்தி நிமிர்ந்தே பார்ப்பதில்லை. இத்தனை வருட வாழ்க்கையில் தன்னோடு பேசியதைவிட ஆட்டோடு அவர் பேசியதுதான் அதிகம் என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொன்னமாதிரித் தெரியவில்லை.

வீம்பு பிடிக்கும் கறிக்குத்தான் பப்பாளி. தோலோடு துருவி, பாலோடு பிசைந்து தடவி வைத்தால் எப்பேர்ப்பட்ட கிழட்டுக் கிடாவும் வழிக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு விதிகள் வைத்திருக்கிறார். பெரிய துண்டாக இருந்தால் முதலில் கத்தியால் கீறி விட வேண்டும். "கீறாம தடவினா மேலேயே உக்காந்துக்கும். கீறி விட்டா உள்ள வரைக்கும் ஓடும்." இரண்டாவது, பதம் வந்த கணமே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் கறி மாவாகப் போய்விடும். பதம் பார்க்க அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்குவார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருடத்துக்கு முந்தின வருடம் பசி நின்றுபோயிற்று.

"கேஸ்ட்ரிக்லா" என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். விருந்துக்கு விருந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும் என்று மருந்துக்கடை மாத்திரையை வாங்கி விழுங்கினார். உப்புப் பார்க்க ஒரு வாய் குழம்பு எடுத்தாலே வயிறு நிறைந்துபோனது. கைலி இடுப்பில் நிற்க மறுத்தது. அண்டாவைக் கிளறிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்த அன்றைக்கு இராசாத்தி வாய் திறந்தார். "நீங்களா வர்றீங்களா, இல்ல நான் ஆளக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போகவா?" கிளினிக்கில் பார்த்துவிட்டு அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள். வயிற்றின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய்.

அதைச் சொன்னவர் டாக்டர் ஹனிஸ். சின்ன வயசு, தலையில் வெளிர்நிற முக்காடு, பொறுமையான பேச்சு. ஒரு தாளில் வயிற்றைப் படமாக வரைந்து விளக்கினார். "வயிறு ஒரே சுவர் இல்ல அங்கிள், அடுக்கு அடுக்கா இருக்கும். கட்டி உள் அடுக்குல பிறந்திருக்கு. அது சும்மா இருக்காது, என்சைம் விடும். சதையைக் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கிற வலையை அந்த என்சைம் கரைக்கும். கரைஞ்ச வழியில கட்டி அடுத்த அடுக்குக்குப் போகும். அப்படியே ரத்தக் குழாய், லிவர்னு பரவும். இப்போதைக்கு ஸ்கேன்ல பார்த்தா சுவருக்குள்ளதான் இருக்கு. அது கரைச்சு முடிக்கிறதுக்கு முன்னால நாம வெட்டி எடுத்துடணும்."

குழந்தைவேலு திருதிருவென்று விழித்தார். டாக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அங்கிளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கறி சமையல் என்றதும் அவர் முகம் வெளிச்சமாயிற்று. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்! கறி மெத்துனு ஆகப் பப்பாளி போடுவீங்கல்ல? அதுல இருக்கிறதும் ஒரு என்சைம்தான். கறியைப் பிடிச்சு வெச்சிருக்கிறதைக் கரைக்குது. அது மாதிரின்னு வெச்சுக்குங்க."

இதைவிட எளிதாக அதை யாரும் சொல்லிவிட முடியாது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. குழந்தைவேலுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, தேவைக்கு அதிகமாகவே புரிந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் காடியை இராசாத்தியின் தம்பி ஓட்டினார். ஜெராய் மலை கண்ணில் பட்டதும் குழந்தைவேலு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். "கத்தி வைக்க விடமாட்டேன்."

"ஏன்?" என்றார் இராசாத்தி.

"பப்பாளி தடவின கறியக் கீறினா என்னாகும்? நீயே சொல்லு. உள்ள வரைக்கும் ஓடும். இப்ப அது ஒரு ஓரமா உக்காந்திருக்கு. இவங்க கீறி விட்டாங்கன்னா ஒரே ஓட்டமா ஓடிடும்லா. நான் முப்பது வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

பயந்த மனிதனோடு வாதாடலாம். அனுபவசாலியோடு என்னவென்று வாதாடுவது?

இதோடு இன்னொரு பாரமும் குழந்தைவேலுவின் நெஞ்சில் ஏறிக்கொண்டது. பப்பாளிதான் வயிற்றைக் கரைத்தது என்றால், தன் கையால் சாப்பிட்டவர்கள் கதி? எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! ஊருக்கே விஷம் வைத்துவிட்டோம் என்று மனுஷன் தனியாக உட்கார்ந்து குமைந்தார். கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்தார். அடுத்து வந்தது சிடாம் கிரி பக்கத் தோட்டத்தில் முனீஸ்வரன் கோயில் ஆண்டுப் பூசை. நேர்ந்துவிட்ட கிடாக்கள் எல்லாம் நன்றாக முற்றியவை. பப்பாளி கிடையாது என்று சொல்லிவிட்டார். வெந்தது, வெந்தது, வெந்துகொண்டே இருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்கள். பல் செட்டு வைத்திருந்த ஒருவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரசம் கேட்டார். கோயில் தலைவர் மனோகரன் பின்பக்கம் வந்து, "என்னண்ணே, இந்த வருஷம் முனியாண்டிக்குக் கோவமா?" என்று மெதுவாகக் கேட்டார். குழந்தைவேலு பந்தியை எட்டிப் பார்த்தார். தன் கறியை இலையில் ஒதுக்கி வைத்துவிட்டு ஜனங்கள் எழுந்து போவதை அவர் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

இதற்குள் அவர் கண்டுபிடித்த உண்மை ஊரெல்லாம் பரவிவிட்டது. பரப்பியது அவரேதான். சுங்கை பட்டாணி பாசாரில் மீரா சாகிபுவின் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நின்று, தொங்குகிற தொடையைக் காட்டியே விளக்கினார். மீரா சாகிபு பிறந்ததிலிருந்து கத்தியோடு வாழ்கிறவர். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்றீங்க வேலண்ணே. முழுசா இருக்கிற வரைக்கும் இறைச்சி ரெண்டு நாள் தாங்கும். கத்தி பட்டுடுச்சா, அன்னிக்கே கெட்டுப் போகும்." இரண்டு நிபுணர்களும் ஒத்துப்போன பிறகு அந்தப் பாசாரில் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் குறித்த நாள் நெருங்கியது. டாக்டர் ஹனிஸ் இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் குழந்தைவேலு போனை இராசாத்தியிடம் நீட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். உள்ளே இருப்பது கரைத்துக்கொண்டே இருக்கிறது என்று டாக்டர் சொன்னது இராசாத்தியின் காதை விட்டுப் போகவில்லை. அழுது பார்த்தார். சாமி மேல் சத்தியம் கேட்டுப் பார்த்தார். கடைசியில், இந்த ஆளுக்கு ஆட்டைவிட்டால் வேறு பாஷை புரியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பப்பாளிக்காய் வாங்கினார். மீரா சாகிபு கடையில் தொடைக்கறியாக இரண்டு துண்டு. இரண்டிலும் ஒரு முனையில் மட்டும் நன்றாகக் கீறி, பப்பாளியைத் துருவி அப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு துண்டில் பப்பாளி பட்ட முனையை, பக்கத்தில் இருந்த நல்ல சதையோடு சேர்த்துத் தாராளமாக வெட்டிக் குப்பையில் போட்டார். மீதியை அலசி வைத்தார். மற்றொரு துண்டைத் தொடவில்லை. இரண்டையும் தனித்தனித் தட்டில் மூடிப் பிரிட்ஜின் அடித்தட்டில் தள்ளினார்.

மறுநாள் காலை, தேநீர் வைக்கும் இடத்தில் இரண்டு தட்டையும் வைத்தார். "அமுக்கிப் பாருங்க."

குழந்தைவேலு முதல் தட்டில் இருந்ததை எடுத்தார். முனையைக் காணோம். மிச்சம் கெட்டியாக, சிவப்பாக, நேற்று வாங்கிய கறி நேற்று வாங்கிய கறியாகவே இருந்தது. இரண்டாவதை எடுத்து விரலுக்கு நடுவே வைத்தார். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன. முனை கூழாக வழிந்தது. கூழைத் தாண்டியும் விரலை நகர்த்திப் பார்த்தார். அங்கேயும் சதை கொழகொழவென்று தளர ஆரம்பித்திருந்தது.

"இதுலயும் கீறினேன், அதுலயும் கீறினேன்" என்றார் இராசாத்தி. "ஒண்ணுல எடுத்துப் போட்டேன். இன்னொண்ண நீங்க சொன்னமாதிரி அப்படியே விட்டேன். எது ஓடியிருக்கு?"

அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா கீறி விட்டுட்டு வர்றேன்னா சொல்லிச்சு? எடுக்குறேன்னுதானே சொல்லிச்சு" என்று இராசாத்தி இரண்டாவது தட்டை அவர் பக்கம் தள்ளினார். "பப்பாளி ஊறின கறிய இப்படி மறந்துட்டு உக்காந்திருக்கிற சமையல்காரன நான் பாத்ததே இல்லங்க."

அன்று மதியமே அலோர் ஸ்டார் போனார்கள். இராசாத்தி பிளாஸ்டிக் டப்பாவில் அந்த இரண்டு துண்டையும் கொண்டுபோயிருந்தார். திறந்து பார்த்த டாக்டர் ஹனிஸ் முதலில் திடுக்கிட்டு, விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு இரண்டு விஷயத்தையும் நிதானமாகச் சொன்னார். ஒன்று, கட்டியை மட்டும் நோண்டி எடுக்கப் போவதில்லை. ஆண்ட்டி செய்தமாதிரியே சுற்றியுள்ள நல்ல சதையோடும், பக்கத்தில் இருக்கிற நெறிக்கட்டிகளோடும் சேர்த்து எடுப்பார்கள். இன்னொன்று, பப்பாளி நிரபராதி. "அடுப்புல ஏத்தினதும் அந்த என்சைம் செத்துப் போயிடும் அங்கிள். சாப்பிடுறவங்க வயித்துல போய் அது ஒண்ணும் பண்ணாது. இது வேற. கட்டி தானே உண்டாக்குற என்சைம்." கடைசியில், "இனி பேஷண்டுக்கு என்ன வேலைன்னு கேட்டுட்டு இந்தப் பப்பாளிக் கதையச் சொல்லவே மாட்டேன்" என்றார்.

ஊருக்கு விஷம் வைக்கவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் குழந்தைவேலு தன் வயிற்றைக்கூட ஒரு நிமிடம் மறந்துபோனார். "அப்ப மரத்த அநியாயமா வெட்டிட்டேனா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை அடுக்கு அடுக்காகப் பார்த்த பிறகு டாக்டர் ஹனிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார். "வெளிச்சுவரைத் தாண்டலை அங்கிள். நெறிக்கட்டி எல்லாம் சுத்தம்." அதட்டிப் பேசியே பழகிய மனிதர் அன்றைக்குப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதார். இராசாத்தி அழவில்லை. வெளியே போய், அத்தனை நாளுக்குப் பிறகு கேன்டீனில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இப்போது அவர் சாப்பாடு குழந்தைகள் சாப்பாடு. கிண்ணத்தில் கொஞ்சம், கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டால் வயிறு திட்டும். எடை இன்னும் பழையபடி வரவில்லை. குறித்த நாள் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறார். போகும் வழியெல்லாம் பயமாகத்தான் இருக்கும் என்கிறார். "இதுவரைக்கும் சுத்தம்" என்று கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஜெராய் மலை கொஞ்சம் கிட்டே வந்து நிற்கிற மாதிரி இருக்குமாம். அண்டாவைத் தூக்க ஆள் வைத்துக்கொண்டார். கறிக்குப் பப்பாளி திரும்பிவிட்டது. போன ஆண்டுப் பூசையில் பந்தி மூன்று முறை நிரம்பி வழிந்தது. மனோகரன் இந்த முறை பின்பக்கம் வந்து எதுவும் கேட்கவில்லை, தனக்கு ஒரு வாளி எடுத்து வைக்கச் சொன்னதோடு சரி.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலையிலேயே பாசாருக்குப் போனார். அடுத்த நாள் விருந்துக்குக் கறி சொல்ல வேண்டும். மீரா சாகிபு வெட்டுக்கட்டையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வழக்கமாகக் கடைக்கே வந்துவிடும் ரொட்டி சானாய் தொடாமல் ஆறிக் கிடந்தது. இந்தக் கோலத்தைக் குழந்தைவேலு கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"என்ன பாய், எத்தன நாளா?"

"கேஸ்ட்ரிக்தான் அண்ணே. கிளினிக்ல ஸ்கோப் பண்ணச் சொல்லி நாள் கொடுத்தாங்க. போகல." மீரா சாகிபு கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். "இன்னிக்கும் வரச் சொல்லியிருக்காங்க. எங்க போறது? குழாய விட்டு நோண்டுவாங்க. அப்புறம் வெட்டணும்பாங்க. வெட்டினா ஓடிடும்."

"யார் சொன்னா வெட்டினா ஓடும்னு?"

மீரா சாகிபு அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே அண்ணே! இதே எடத்துல நின்னு, இதே மாதிரி ஒரு தொடையக் காட்டிச் சொன்னீங்க. நான் மறப்பேனா? உங்களுக்கு ஏதோ நேரம் நல்லா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படியா இருக்கும்?"

தான் சொன்னதைத் தான் மட்டும் திருத்திக்கொண்டு போய்விட்டோம், கேட்டவன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பது அப்போதுதான் குழந்தைவேலுவுக்கு உறைத்தது. அன்று வயிற்றில் கத்தி பட்டபோதுகூட இத்தனை வலி இல்லை. என்சைம் என்று ஆரம்பித்தார், பாய் முகத்தைச் சுளித்தார். பப்பாளி என்று ஆரம்பித்தார், அதுவும் சரிப்படவில்லை. பேச்சை விட்டுவிட்டுச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

கறி வாங்க நின்ற பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். எதிர்க்கடை மீன்காரன் தராசைக் கீழே வைத்தான். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளைச் சுற்றி இறங்கிய தழும்பு, விரல் பருமனுக்குப் பளபளவென்று தெரிந்தது.

"கீறினது இதுதான் பாய். மேலேருந்து கீழ வரைக்கும் கீறினாங்க. எங்க ஓடிச்சு, காட்டு. எடுத்துட்டாங்க பாய். இருந்தாத்தானே ஓடறதுக்கு?"

மீரா சாகிபு அந்தத் தழும்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தீட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"நான் சொன்னது தப்பு. தப்பாச் சொல்லிட்டேன். உன் எடத்துல நின்னே சொல்றேன்" என்றார் குழந்தைவேலு. "காடி வெளியதான் நிக்குது. நானும் வர்றேன்."

"கடை இருக்கு அண்ணே..."

குழந்தைவேலு சட்டையை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு வெட்டுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். மீரா சாகிபுவின் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கட்டைமேல் வைத்தார். பிறகு அவர் முதுகுப்பக்கம் போய் நின்று, ரத்தக்கறை படிந்த ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.